அடிபட்டவரை அழைக்காத பஞ்சாயத்து

பெரிய நிறுவனம் ஒன்று குற்றம் செய்து பிடிபட்டால், படித்தவர்கள் பலர் சொல்லும் பதில் இது: "வழக்கு நடத்தி என்ன கண்டோம்? கோடிக்கணக்கில் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். கம்பெனியை மூடினால் தொழிலாளிகள்தான் தெருவுக்கு வருவார்கள்." அமெரிக்காவில் இந்த நம்பிக்கைக்குச் சட்ட வடிவமே உண்டு. வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் பதிவாகும், விசாரணை நடக்காது. நிறுவனம் நடந்ததை ஒப்புக்கொண்டு, பணம் கட்டி, குறித்த காலம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது நியாயமில்லை என்று காட்ட போயிங் வழக்கு ஒன்றே போதும்.

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் மாண்டார்கள். 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய விமானம் ஆறே நிமிடத்தில் தரையில் மோதியது. 157 பேர் மாண்டார்கள். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். ஒரே ஓர் உணர்கருவி தவறாகச் சொன்னாலும் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளும் மென்பொருள் அதில் இருந்தது. அதன் முழு வீச்சை அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போயிங் தரப்பில் மறைத்தார்கள். அதனால் விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமே இல்லாமல் போனது.

2021 ஜனவரி 7 அன்று, போயிங்குடன் அமெரிக்க அரசின் நீதித்துறை செய்துகொண்ட ஒத்திவைப்பு ஒப்பந்தம் பற்றிய அறிவிப்பு வந்தது: 250 கோடி டாலருக்கு மேல்! தொகையைக் கேட்டு வாய்பிளந்தவர்கள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. 177 கோடி விமான நிறுவனங்களுக்கு. வாடிக்கையாளரைத் தக்கவைக்க எப்படியும் கொடுத்திருக்க வேண்டிய பணம். 50 கோடி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. குற்றத்துக்கான அபராதம் 24.36 கோடி மட்டுமே. தவறு மேலிடத்தின் துணையோடு நடந்ததல்ல என்று ஒப்பந்தமே நற்சான்று வழங்கியது. சுதந்திரமான கண்காணிப்பாளரும் நியமிக்கப்படவில்லை.

இதைவிடக் கொடுமை, பேச்சுவார்த்தை நடந்ததே குடும்பங்களுக்குத் தெரியாது. அடித்தவனும் நாட்டாமையும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்துவிட்டு, அடிபட்டவனுக்குச் சேதி சொல்லி அனுப்புவதை எந்த ஊரில் பஞ்சாயத்து என்பார்கள்? இறந்தவர்கள் சட்டப்படி குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களே என்று நீதிபதி ரீட் ஓ'கானர் 2022இல் தீர்ப்பளித்தார். ஆனாலும் ஒப்பந்தத்தைத் திறக்க முடியவில்லை.

சரி, ஒப்பந்தமாவது காக்கப்பட்டதா? மூன்றாண்டுக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, 2024 ஜனவரி 5 அன்று, அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் விமானத்தில் கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. போயிங் ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று நீதித்துறையே மே மாதம் அறிவித்தது. மீறினால் விசாரணை என்பதுதானே பேச்சு? நடந்தது இன்னொரு பேரம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டை நீதிபதி டிசம்பரில் நிராகரித்தார். 2025இல் அதையும்விட இளகிய, வழக்கே தொடராத ஒப்பந்தம் வந்தது. நவம்பரில் வழக்கு தள்ளுபடி. இது பொதுநலனுக்கு உகந்தது என்பதை ஏற்கவில்லை என்று எழுதிய நீதிபதிக்கே அதைத் தடுக்க அதிகாரம் இல்லை.

"ஆர்தர் ஆண்டர்சனைப் பாருங்கள், 2002இல் தண்டித்தார்கள், கணக்குத் தணிக்கை நிறுவனமே அழிந்தது" என்பார்கள். நம்பிக்கையை விற்றுப் பிழைக்கும் தணிக்கையாளரும் உலகத்துக்கே விமானம் செய்து தரும் போயிங்கும் ஒன்றல்ல. 2024 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள போயிங்கே சம்மதித்தது. வானம் இடிந்து விழவில்லை, தொழிற்சாலைகளும் மூடப்படவில்லை. தொழிலாளியின் வயிற்றைக் காட்டி மேலாளரின் தோலைக் காப்பாற்றும் வாதம் இது.

பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதிகள் நியாயமானவை, பொருத்தமானவை என்று நீதிபதி ஏற்றால்தான் ஒப்பந்தம் செல்லும். குறைந்தபட்சம் அதுவாவது வேண்டும். கையெழுத்திடும் முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும். மீறினால் மறுபேரம் இல்லாமல் விசாரணை நடக்க வேண்டும். பறிகொடுத்த குடும்பங்கள் கேட்டது வெறும் பணத்தை அல்ல. யார், எப்போது, எதைத் தெரிந்தே மறைத்தார் என்பது திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட வேண்டும் என்றார்கள். எந்தத் தொகையும் அதற்கு ஈடாகாது.