கொசுறும் கறிவேப்பிலையும்

உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? சம்பளம் எவ்வளவு என்ற வரியைத் தாண்டிப் படித்தவர்கள் நம்மில் குறைவு. பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 'தங்கள் பணிகள்' என்று நம்பர் போட்டு பதினொன்று வரை ஒழுங்காகப் போகும். பன்னிரண்டாவதாக, ரயில் கிளம்பும்போது ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் வித்தவுட் ஆசாமி மாதிரி ஒரு வரி இருக்கும்: 'மேலதிகாரி அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்.'

நம் உத்தியோகமே அந்தப் பன்னிரண்டாவது வரிதான். முதல் பதினொன்றும் பந்தலில் கட்டிய வாழைமரம். ஆயுதபூஜைக்குப் பொரி வாங்குவது, மேனேஜர் மகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குக் கலர் பிரிண்ட் எடுப்பது, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்கும் 'ஒரு சின்ன வேலைதான் ஸார்' எல்லாமே இதர பணிகள்.

ஆக, வாங்குகிற சம்பளத்துக்கு மேல் வேலை பார்க்கலாமா, கூடாதா?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி நம் அப்பா, சித்தப்பாமார்கள். "நாங்கள்லாம் மணி பார்த்தாடா வேலை செஞ்சோம்?" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாவது கட்சி இளவட்டங்கள். "குடுக்கற காசுக்கு இவ்ளோதான் ஸார் வரும்" என்று ஆறு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுவிடுவார்கள். இதற்கு 'கொயட் க்விட்டிங்' என்று பெயர் வைத்து 2022-ல் உலகம் பூரா பேசித் தீர்த்தார்கள். சொன்ன வேலையை மட்டும் செய்வது, அதற்கு மேல் ஒரு இம்மியும் கிடையாது என்பதுதான் தத்துவம். வேலையே செய்யாமல் இருப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது வேறு கலை. நாற்காலி முதுகில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன பரம்பரை நாம்.

இரண்டாவது கட்சியில் மெம்பர்ஷிப் வாங்குமுன் ஒரு விஷயம். தொழிற்சங்கங்களிடம் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்ட முறை இருக்கிறது. கொடி கிடையாது, கோஷம் கிடையாது, உண்ணாவிரதப் பந்தல் கிடையாது. ரூல் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு எழுத்து விடாமல் செய்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பு. ஒவ்வொரு கையெழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார். பக்கத்து சீட்காரர் லீவா? அவர் வேலை அவர் வந்ததும் நடக்கும். அவ்வளவுதான், ஆபீஸ் இரண்டே நாளில் மூச்சுத் திணறும். வேடிக்கையைப் பாருங்கள். விதியை மீறினால் நிர்வாகம் மெமோ கொடுக்கிறது. விதியை மீறவே மாட்டேன் என்றால் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுகிறது!

எந்த ஆபீஸும் எழுதி வைத்த வேலையால் மட்டும் ஓடவில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. யாரோ எங்கேயோ கொஞ்சம் கூடுதலாகச் செய்வதால்தான் ஓடுகிறது. டென்னிஸ் ஆர்கன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். நிறுவனத்துக்கு மொத்தத்தில் நல்லது செய்கிற, ஆனால் சம்பளத் திட்டத்தில் நேரடியாகக் கணக்கில் வராத நடத்தை என்று இலக்கணம் வகுத்தார். 'கணக்கில் வராத' என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

எனவே செய்யலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு செய்வது, அதை யார் தீர்மானிப்பது என்றும் கேட்க வேண்டும். இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். தெருமுனைத் தள்ளுவண்டிக் காய்கறிக்கார அம்மா போதும்.

அரைக் கிலோ கத்தரிக்காய், கால் கிலோ வெண்டைக்காய் வாங்குகிறோம். பையை நீட்டும்போது மேலாக ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு கொத்தமல்லித் தண்டு போடுகிறார். கொசுறு! அதற்குக் காசில்லை. அந்தக் கொத்துக்காகவே எதிர்க்கடையை விட்டு அவரிடம் போகிறோம். பல எம்.பி.ஏ.க்களுக்கு வராத வித்தை இது. நுணுக்கங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கொசுறை அவர்தான் கொடுக்கிறார். நாமாக வண்டிக்குள் கையை விட்டு எடுத்தால் அதற்கு வேறு பெயர். இரண்டு, ஒரு கொத்துதான். நாளைக்கு ஒரு கட்டு என்று வளராது. மூன்று, பையின் மேலே போடுகிறார், நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. அடியில் போட்டால் வீட்டில் போய்ப் பார்க்கும்போது அது கசங்கின கீரை. நான்காவதுதான் முக்கியம். கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவாரே தவிர கத்தரிக்காயைப் போடமாட்டார். அது அவர் பிழைப்பு.

ஆபீஸில் நாம் என்ன செய்கிறோம்? கத்தரிக்காயையே கொசுறாகக் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலையாவது காசுக்குப் போகாதா என்று ஏப்ரல் மாத இன்க்ரிமென்ட்டுக்காகக் காத்திருக்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கொசுறு மூன்று மாதம் தொடர்ந்தால் உரிமையாகிவிடும். "ஏம்மா, கறிவேப்பிலை போடலையா?" என்று நாமே அதட்டுவதில்லையா? அதே மாதிரி, ஒரு மாதம் எட்டு மணி வரை இருந்து பாருங்கள். இரண்டாம் மாதம் ஏழரைக்குக் கிளம்பினால், "என்ன தம்பி, இன்னிக்கு சீக்கிரமா?" என்பார்கள். ஆபீஸ் ஆறு மணிக்கே முடிந்துவிட்டது என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி பரீட்சை ஹாலிலேயே தங்கிவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை: குட்வில். ஒரு கம்பெனி நாற்பது வருஷம் நாணயமாக நடந்து நல்ல பெயர் எடுத்தாலும், தானாக வளர்ந்த அந்த நல்ல பெயரைத் தன் பாலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது. கணக்கியல் விதி அப்படி. இன்னொருவர் வந்து அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கும்போது, உள்ளே இருக்கும் சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கிறார் பாருங்கள், அந்த வித்தியாசம்தான் குட்வில். வாங்கியவர் கணக்கில் அது சொத்தாக ஏறும்.

நீங்கள் கூடுதலாகச் செய்கிற வேலையும் இப்படித்தான். இருக்கிற ஆபீஸில் அது கணக்கில் வராது. (பேராசிரியர் ஞாபகம் இருக்கிறாரா?) வெளியிலிருந்து ஒருவர் உங்களுக்கு விலை சொல்லும்போதுதான் அதற்கு நம்பர் கிடைக்கிறது. உழுகிற மாடு உள்ளூரிலேயே விலைபோகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இந்தக் காலத்து மாடு ஆஃபர் லெட்டரைக் காட்டினால்தான் உள்ளூர்க்காரன் பல்லைப் பிடித்தே பார்க்கிறான்.

அதனால் கூடுதல் வேலை செய்யுமுன் உங்களையே கேளுங்கள்: இந்த வேலை முடிந்ததும் என் கையில் ஏதாவது மிஞ்சுமா? எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தார். மாதாமாதம் 20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும் என்றால் 17-லிருந்து அவர் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. மற்ற நாலு பேர் விட்டுவைத்த பில்களையும் அவரே கோர்ப்பார். பல வருஷம். ப்ரமோஷன் லிஸ்ட் வந்தபோது பெயரில்லை. போய்க் கேட்டார். "உங்களை அந்த சீட்லேர்ந்து எடுத்தா ஆபீஸே நின்னுடும் ஸார்" என்றார்கள். பாராட்டுதான். ஆனால் ஆணி அடிக்கப்படுகிற பாராட்டு. அவருக்குக் கீழே இருந்த பையன் அத்தனை வருஷத்தில் இரண்டு வருஷம்தான் அங்கே இருந்தான். அவனும் ஆறு மணிக்கு மேல் இருந்தவன்தான். ஆனால் பில்களை ஒத்துப்பார்க்க எக்ஸெலில் ஒரு ஷீட் போடக் கற்றுக்கொண்டு, அந்த வித்தையோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். இரண்டு பேருமே கூடுதலாகத்தான் உழைத்தார்கள். ஒருவரிடம் களைப்பு மிஞ்சியது, இன்னொருவனிடம் தொழில்.

கறிவேப்பிலை மாதிரி உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க என்று புலம்புகிறோமே, அந்தக் கறிவேப்பிலை நாம்தான். கொசுறு கொடுக்கிறவராக இருக்கும் வரை மரியாதை. நாமே கொசுறாகிவிட்டால் இலையோரம்.

இதற்கு நடுவில் பெரிய முதலாளிகள் வேறு மணிக்கணக்கு சொல்கிறார்கள். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஆறு நாள் வாரத்தில் அது நாளைக்குப் பதினோரு மணி நாற்பது நிமிஷம். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90-க்கு ஏற்றி, எத்தனை நேரம்தான் வீட்டில் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்கிற ரீதியில் கேட்டார். ஞாயிறும் சேர்த்து நாளைக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம். தாம்பரத்திலிருந்து வருகிறவர் ரயிலில் நிற்கும் நேரம் தனி. மனைவி முகத்தைப் பார்ப்பதா? மனைவிதான் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும்!

சிரித்துவிட்டு இதையும் படியுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இந்தக் கொசுறு உடம்பிலிருந்து போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1947-ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மேலே போனால் இரட்டைச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவேதான் பல இடங்களில் சம்பளம் ஏறாமல் பட்டம் மட்டும் ஏறுகிறது. 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கோர்ட்டில் பட்டத்தைப் பார்க்கமாட்டார்கள், செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள் என்பது ஒரு ஆறுதல்.

இந்த எட்டு மணி நேரம் சும்மா வந்ததில்லை. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே 1-ம் தேதியன்று அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மெரினாவில் 1959-லிருந்து நாலு பேர் ஒரு பாறையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்களே, உழைப்பாளர் சிலை, அவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். அந்தச் சிலையில் எனக்குப் பிடித்ததே நாலு பேரும் தள்ளுவதுதான். நம் ஆபீஸாக இருந்தால் ஒருவர் தள்ள, ஒருவர் மெயில் அனுப்ப, ஒருவர் "அப்டேட் என்ன?" என்று கேட்க, நாலாமவர் பாறையோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு கணக்குச் சொன்னவன், கணக்கில் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் பாங்க்கில் பாருங்கள். லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கப் பெரியவர்கள் வருவார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷாவருஷம் நிரூபிக்க வேண்டிய வயசு. கை நடுங்கும், கண்ணாடி மறந்திருக்கும், கைரேகை மெஷினில் விழாது. "ஃபாரம் ஃபில் பண்ணிட்டு வாங்க" என்று சொல்வதோடு கௌன்ட்டர்காரரின் கடமை முடிந்தது. "உக்காருங்க தாத்தா, நான் எழுதறேன்" என்று சிலர் எழுந்து வருகிறார்கள். இரண்டு நிமிஷம். அப்ரைசல் ஃபாரத்தில் இதற்குக் கட்டம் கிடையாது, வெளிக் கம்பெனிக்காரன் விலையும் சொல்லமாட்டான். இதைச் செய்யத் தயவுசெய்து என் சூத்திரம் எதையும் பார்க்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் இதில் சேர்த்தி. நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்பியதால் உங்கள் வேலை அவன் தலையில் விழுமானால், அது உங்கள் சுதந்திரம் இல்லை, அவன் கொசுறு.

மற்றபடி, சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அந்த 'சின்ன வேலை' வந்தால் முறைக்கவும் வேண்டாம், பல்லை இளிக்கவும் வேண்டாம். "செய்யறேன் ஸார், எது முதல்ல வேணும், இதுவா திங்கட்கிழமை ரிப்போர்ட்டா?" என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். பாதி வேலைகள் அந்தக் கேள்வியிலேயே திங்கட்கிழமைக்குப் போய்விடும். மீதிப் பாதியில் ஒரு கொத்து கொடுங்கள். பையின் மேலாக.

பி.கு.: இந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் கேட்டது ஒண்ணரைப் பக்கம். அதற்கு மேல் போயிருந்தால் கொசுறு என்று வைத்துக்கொள்ளவும். அடுத்த வாரமும் எதிர்பார்க்க வேண்டாம்.