என் ஓட்டு சிப்பிக்கே!

மாணவர்களே! இயற்கை கற்றுத்தந்த பசை என்றதும் பலரும் பல்லியின் பாதத்தைப் புகழ்வார்கள். மூலக்கூறுக் கவர்ச்சியாலேயே ஒட்டுகிறதல்லவா! பௌதிக ஆசிரியனான நானோ சிப்பியின் பக்கம்.

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், அலை மோதியும் பாறையை விடாத ஒருவகைச் சிப்பிகளைக் கண்டார் காய்ச்சாங் லி என்னும் விஞ்ஞானி. அவற்றின் பசை, நீருக்குள்ளேயே இறுகும் ஒரு புரதம். சோயாப் புரதமோ ஈரத்தில் இளகிவிடும். அதைச் சிப்பிப் புரதம்போல் மாற்றியமைத்து, பிளைவுட் ஒட்டும் பசையாக்கினார். 2005இல் அது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வந்தது.

இதிலென்ன பெருமை என்கிறீர்களா? பிளைவுட்டை ஒட்ட வழக்கமாகப் பயன்படும் பசையிலிருந்து பார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். புதிய அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அதுதான்! அது மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. வீட்டுக்குப் பலகை வாங்கும்போது, என்ன பசை என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.