வலிக்கு மருந்து உண்டு, விலாசம் எங்கே?

முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நாள் முழுவதும் எத்தனையோ முகங்களைப் பார்க்கிறான். மாலையில் வீடு திரும்பியதும் எல்லாம் மறந்துவிடும். மறக்க முடியாதவர்கள், புற்றுநோய்ச் சலுகைப் படிவத்துடன் வருகிறவர்கள்தான். ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்திட்ட அந்தப் படிவம் இருந்தால், ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது. துணைக்கு வருகிறவர் கால் பங்கு கட்டினால் போதும். (இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை, முழுக் கட்டணம் கட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.) பரேலில் 1941-ம் ஆண்டு டாட்டா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது முதல் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் இந்த நகரத்துக்கு வருகிறார்கள், போகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் பல வருஷமாக வேலை. நோய் அவர் மனைவிக்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.

"அண்ணாச்சி, இனிமே செய்யதுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ராத்திரி ஆனா வலி தாங்காமக் கத்துதா. அதுக்கு ஒரு மருந்து கேட்டா, வீட்டுல வச்சுப் பாத்துக்கோன்னு சொல்லுதாவ" என்றார்.

டிக்கெட்டைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது உண்மையல்ல. நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலியைக் குறைக்க முடியும். வாய்வழி மார்பின் மாத்திரையை நான்கு மணிக்கு ஒரு முறை கொடுத்தால், புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் வலி அடங்கித் தூங்குவார்கள். விலை உயர்ந்த மருந்தும் அல்ல. அது அபினிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த அபின் செடியை அரசாங்க லைசென்சுடன் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நம் விவசாயிகளே பயிரிடுகிறார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது. நம் வீட்டு நோயாளிக்குத்தான் கிடைப்பதில்லை.

காரணம் 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில் ஆஸ்பத்திரி மருந்து அலமாரியும் சிக்கிக்கொண்டது. மார்பின் வைத்திருக்க ஒன்றுக்கு மேற்பட்ட இலாகாக்களிடம் பல லைசென்சுகள் வாங்க வேண்டும். எல்லாமே ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒன்று காலாவதியானால் மற்றவை வெறும் காகிதம். கோப்புகளோடு காலந்தள்ளும் குமாஸ்தாக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கணக்கில் பிசகினால் ஜெயில் என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிகள் மருந்தை வாங்குவதையே நிறுத்தின. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் நாட்டின் மார்பின் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. அந்தக் காலத்தில் படித்து வெளிவந்த டாக்டர்களில் பலர் மார்பினைக் கையால் தொட்டதே இல்லை.

இந்த இடத்தில்தான் டாக்டர்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் சங்கம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது நட்சத்திர ஓட்டலில் மாநாடு, தோல் பை, விருந்து. நானும் இரண்டொரு மாநாட்டுச் செய்திகளை அனுப்பியிருக்கிறேன். குறை சொல்வதற்கு விஷயம் உண்டு. ஆனால் 1994-ல் தொடங்கிய இந்திய வலி நிவாரணப் பராமரிப்புச் சங்கம் வேறு மாதிரி வேலை செய்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தின் அனுபவம் அதற்குத் துணை நின்றது. அவர்களும் மற்ற அமைப்புகளும் வருஷக்கணக்கில் அதிகாரிகளின் கதவைத் தட்டினார்கள். 2014-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. பல லைசென்சுகள் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற ஒரு டாக்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியையும் இந்தச் சங்கமே நடத்துகிறது. வேலையில் இருக்கும் டாக்டரும் நர்சும் வேலையை விடாமலே படிக்கலாம்.

தனியொரு டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சட்டத்தை மாற்ற முடியாது. சங்கமாகக் கூடினால் முடிகிறது. மில்லிலும் ரயில்வேயிலும் சங்கம் கண்ட நமக்கு இது புதிய பாடமல்ல.

ஆனால் சட்டம் மாறி இத்தனை வருஷமாகியும் அந்தத் திருநெல்வேலிக்காரர் வெறுங்கையோடுதான் ரயில் ஏறினார். ஏன்? பெரிய ஆஸ்பத்திரிகளில் மார்பின் இருக்கிறது. சயானிலும் தாராவியிலும் நம்மவர்கள் முதலில் போவது சந்துமுனை டாக்டரிடம். அவருக்குப் பயிற்சி இல்லை; பழைய பயம் இருக்கிறது. "அபின் மருந்தா? பழகிப் போகும்" என்கிறார். வலிக்காக முறைப்படி அளந்து கொடுக்கும்போது போதைப் பழக்கம் வருவது அபூர்வம் என்பதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய சங்கத்தார்தானே?

சங்கத்தாரிடம் நான் கேட்பது பெரிதல்ல. வருஷாந்திர மாநாடு நடக்கும் ஊரில் ஒரு நாளையாவது சந்துமுனை டாக்டர்களுக்கு ஒதுக்கட்டும். எந்தெந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் மார்பின் கிடைக்கும் என்ற பட்டியலை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சடித்து, சலுகைப் படிவத்தில் கையெழுத்திடும் டாக்டரின் மேஜையில் வைக்கட்டும். நோயாளி ஊர் திரும்பும்போது படிவத்தோடு அந்தத் தாளும் கூடப் போகட்டும். நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழா மேடையில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் குறைந்துபோகாது. பட்டியல் கிடைத்தால் என் கவுண்டர் கண்ணாடியிலேயே ஒட்டி வைக்க மேலதிகாரியிடம் அனுமதி கேட்கத் தயாராக இருக்கிறேன்.