எரிமலைச் சாம்பலும் ஆகாய விமானமும்

எத்தியோப்பியா தேசத்து அஃபார் பிரதேசத்திலுள்ள ஹைலி குப்பி என்னும் எரிமலை 2025 நவம்பர் 23-ஆம் தேதி திடீரென்று வெடித்தது. சரித்திர காலத்தில் அம்மலை வெடித்ததாக ஒரு குறிப்பும் கிடையாது. அது கக்கிய சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் நாடுகளைக் கடந்து, மறுநாள் இரவே மேற்கு இந்தியாவின் மீதும் தில்லியின் மீதும் பரவியது. 25-ஆம் தேதி மாலையில் சீனாவை நோக்கி நகர்ந்து சென்றது. சாம்பல் பரவிய பாதைகளையும் உயரங்களையும் தவிர்க்கும்படி இந்திய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டார்கள். ஏர் இந்தியா, ஆகாசா கம்பெனிகள் சில விமானங்களை ரத்துச் செய்தன. நமது ஆகாயத்தில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஆகவே இரண்டொரு தினங்களில் ஜனங்கள் இதனை மறந்துவிட்டார்கள். ஆயின், இது மறந்துவிடத் தக்க விஷயமன்று என்பது நமது திடமான அபிப்பிராயம்.

சாம்பல் என்றவுடன் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்ளலாகாது. எரிமலையின் சாம்பல் விறகு எரிந்த மிச்சமன்று. பாறையும் கண்ணாடியும் பொடிப்பொடியாக உடைந்த துகள். அது நீரில் கரையாது; கூர்மையும் கடினமும் உடையது. ஜெட் விமானத்தின் இயந்திரமோ காற்றை ஏராளமாக உள்ளிழுத்தே வேலை செய்வது. சாம்பற் கண்ணாடி சுமார் 1,100 டிகிரி சென்டிகிரேடில் உருகத் தொடங்கும்; இயந்திரத்தின் எரி அறையில் உள்ள வெப்பமோ அதனினும் அதிகம். அங்கே உருகிய துகள், அடுத்துள்ள டர்பைன் பாகங்களின் மீது ஒட்டி உறைந்து, காற்று செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. இயந்திரம் மூச்சுத் திணறி அணைந்துபோகிறது. இதுவன்றி, விமானியின் முன்னுள்ள கண்ணாடி தேய்ந்து மங்குகிறது. வேகம் காட்டும் கருவியின் குழாய்கள் அடைபடுகின்றன. மழை மேகத்தைக் காட்டும் ராடார் இச்சாம்பலைக் காட்டுவதில்லை. இரவு வேளையில் விமானியின் கண்ணுக்கும் தெரிவதில்லை. காணாத சத்துருவைப் போல அபாயகரமானது வேறொன்றுமில்லை.

இவை வெறும் ஊகங்களல்ல. 1982 ஜூன் 24-ஆம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்கு 263 பேருடன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் விமானம், ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் 37,000 அடி உயரத்தில் அகப்பட்டது. நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பத்து நிமிஷங்களுக்கு மேல் அவ்விமானம் விசையின்றி மிதந்து இறங்கிற்று. சாம்பலுக்கு வெளியே வந்து இயந்திரங்கள் குளிர்ந்தபின், ஒட்டியிருந்த கண்ணாடி உடைந்து உதிரவே அவை மீண்டும் ஓடத் தொடங்கின. தேய்ந்துபோன முன்கண்ணாடியின் ஓரத்தில் மிஞ்சிய தெளிவைக் கொண்டு விமானிகள் ஜகார்த்தாவில் இறங்கினார்கள்.

இதன் பிறகு நிகழ்ந்ததே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. அந்த ஆகாயப் பாதையை இந்தோனேசிய அதிகாரிகள் மூடினார்கள். சில தினங்களிலேயே திறந்துவிட்டார்கள். ஜூலை 13-ஆம் தேதி சிங்கப்பூர் விமானமொன்று அதே எரிமலையின் சாம்பலில் புகுந்து மூன்று இயந்திரங்களை இழந்து தப்பிய பிறகே பாதை மாற்றப்பட்டது. ஒரு முறை நேர்ந்த விபத்து போதிக்காததை இரண்டாவது விபத்து வந்து போதிக்க வேண்டியிருந்தது!

1989 டிசம்பர் 15-ஆம் தேதி அலாஸ்காவில், 245 பேருடன் ஆங்கரேஜை நெருங்கிய கே.எல்.எம். விமானத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கே ரிடௌட் எரிமலை முந்தின நாள்தான் வெடித்திருந்தது. சாம்பலினின்று மேலேறித் தப்பும் பொருட்டு விமானிகள் முழு விசையையும் கொடுத்தார்கள். இயற்கையான எண்ணந்தான், ஆயினும் விசை மிகுந்தால் வெப்பமும் மிகும், உள்ளே புகும் சாம்பலும் மிகும். நான்கு இயந்திரங்களும் நின்றன. 13,000 அடிக்கு மேல் வீழ்ந்த பிறகே அவை மீண்டும் ஓடின. விசையைக் குறைத்து, வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது இன்று விமானிகளுக்குப் பாடம். ஆபத்து வேளையில் தோன்றும் யோசனையை நம்பலாகாது; அமைதி வேளையில் வகுத்த விதியே காப்பாற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

விமானிக்குப் பொருந்துவது சர்க்காருக்கும் பொருந்தும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுல் எரிமலை வெடித்தபோது ஐரோப்பாவின் ஆகாயம் ஏறக்குறைய ஆறு தினங்கள் மூடிக் கிடந்தது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் நின்றன. ஒரு கோடிப் பிரயாணிகள் வரையில் தவித்தார்கள். கீன்யாவின் தோட்டங்களில் ஏற்றுமதிக்குப் பறித்த மலர்கள் அழுகின. கம்பெனிகளின் வருமான நஷ்டம் சுமார் 170 கோடி டாலர் என்று அவற்றின் சர்வதேச சங்கம் கணக்கிட்டது. சாம்பல் சிறிதேனும் இருந்தால் பறக்கலாகாது என்பதே அதுவரையில் இருந்த கொள்கை. நஷ்டமும் கூக்குரலும் பெருகிய அந்த வாரத்திலேயே, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை சாம்பல் இருக்கலாம் என்று புதிய வரம்பு கட்டி ஆகாயத்தைத் திறந்தார்கள்.

கம்பெனிகளின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எங்கோ மெலிந்து பரவிய தூசிக்காக ஒரு கண்டம் முழுவதையும் அடைத்து வைப்பது அறிவுடைமையாகாது. எவ்வளவு சாம்பலை இயந்திரம் தாங்கும் என்னும் அளவு அவசியமே. அந்த அளவை எரிமலை வெடிப்பதற்கு முன்னே, பரிசோதனைச் சாலையில் நிதானமாகக் கண்டிருக்க வேண்டும். பணப்பெட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போது கட்டிய வரம்பு, பின்னர் சரியென்றே தெரியவந்தாலும், கட்டிய முறை சரியன்று. அச்சாம்பல் கூர்மையும் கடினமும் உடையது, ஆகாயத்தை மூடியது தக்க செய்கையே என்று கோபன்ஹேகன், ஐஸ்லாந்து சர்வகலாசாலைகளின் விஞ்ஞானிகள் 2011-இல் ஆராய்ந்து வெளியிட்டதும் நினைவிற்குரியது.

நமது தேசத்தின் நிலைமை என்ன? கிழக்கே இந்தோனேசியாவின் எரிமலைகள். மேற்கே செங்கடலுக்கு அப்பால் அஃபார். 2025 ஜூன் 18-ஆம் தேதி தில்லியிலிருந்து பாலித் தீவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் லெவோடோபி எரிமலையின் காரணமாக நடுவழியிலிருந்து திரும்பிற்று. நமது எல்லைக்குள்ளேயே அந்தமான் கடலில் பாரன் தீவு எரிமலை இருக்கிறது. 1991 முதல் அவ்வப்போது கனன்றுகொண்டிருக்கிறது. இச்சாம்பலைக் கண்டறிந்து எச்சரிக்கும் சர்வதேச நிலையங்கள் உலகில் ஒன்பது. அவற்றில் ஒன்றும் இந்தியாவில் இல்லை. மேற்கேயிருந்து வரும் சாம்பலைப் பிரான்ஸின் துலூஸ் நிலையமும், பாரன் தீவின் சாம்பலை ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையமும் அறிவிக்கின்றன. சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களிலுள்ள நமது வானிலைக் கண்காணிப்பு நிலையங்கள் அவற்றைக் கொண்டு விமானங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன.

காற்றுக்குத் தேச எல்லை கிடையாது. அந்நியர் தரும் செய்தியைப் பெறுவதில் அவமானம் ஏதுமில்லை. ஆயின், செய்தி எங்கிருந்து வரினும், தீர்மானம் நம்முடையதாக இருக்கவேண்டும். அத்தீர்மானத்துக்கு வேண்டிய அறிவும் நம்முடையதாக இருக்கவேண்டும். நமது வானத்தின் சாம்பலை நாமே அளந்து பார்க்கும் விமானங்களும் கருவிகளும் நிபுணர்களும் ஆயத்தமாக இருக்கவேண்டும். எத்தனை சாம்பலில் பறக்கலாம், எத்தனையில் கூடாது என்பதை அமைதியான காலத்தில் வகுத்து, ஜனங்கள் அறியும்படி பிரசுரிக்கவேண்டும். அபாயத்தைக் கம்பெனியே மதிப்பிட்டு, அதனைச் சர்க்கார் அங்கீகரிக்கும் முறை 2010-க்குப் பின் ஐரோப்பாவில் வந்திருக்கிறது. நஷ்டக் கணக்கை எழுதும் கையே அபாயத் தராசையும் பிடிக்குமானால், தராசின் முள் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கே கடைசி வார்த்தை, லாப நஷ்டத்தில் பங்கில்லாத அதிகாரியினுடையதாக இருத்தல் வேண்டும்.

சென்ற நவம்பரில் சாம்பல் நம் ஆகாயத்தில் ஒரே நாள் தங்கிச் சென்றது. அடுத்த முறை ஒரு வாரம் தங்கலாம். அப்பொழுது விமான நிலையங்களில் கூச்சல் எழும்; கம்பெனிகள் நஷ்டக் கணக்கை நீட்டும்; மந்திரிகளைப் பலரும் நெருக்குவார்கள். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க முடியாது. யோசிக்க வேண்டிய நாள், வானம் தெளிவாயிருக்கும் இன்றே.