எந்த இணைப்பு, எந்தத் தேதி?

எங்கள் தெருவில் ஆறு மாதமாக வினாடி வினா லீக் ஒன்று நடந்து வருகிறது. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பக்கத்து வீட்டுப் பையன்தான் இதற்குக் காரணம். அங்கே பப்புகளில் அணி அணியாக உட்கார்ந்து, கையில் கோப்பையும் வாயில் விடையுமாக, புள்ளிப் பட்டியல் போட்டு மாதக்கணக்கில் ஆடுவார்களாம். புதுவையில் கோப்பைக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் அணிகளில் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சிறியவர்களோ பள்ளிப் பிள்ளைகள். ஆகவே மொட்டை மாடியில், சுக்குக் காபியும் வேர்க்கடலைச் சுண்டலுமாக நடத்துகிறோம். ஆறு அணிகள், அணிக்கு மூன்று பேர், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

எங்கள் அணியில் நான், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. போன மாதம் முதலிடத்துக்கான ஆட்டம். கடைசிக் கேள்வி வரும்போது நாங்களும் எதிரணியும் சமம். கேள்வி கேட்க வந்திருந்த இளைஞர் அட்டையைப் பார்த்து வாசித்தார்: "புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த நாள் எது?"

நான் கையைத் தூக்கி, "தம்பி, எந்த இணைப்பைக் கேட்கிறீர்கள்?" என்றேன். "சார், கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது உங்கள் வேலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேத்தி தாளில் 1962 ஆகஸ்ட் 16 என்று எழுதிக் கொடுத்தாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த தேதி அது. எதிரணி 1954 நவம்பர் 1 என்று எழுதியது. அட்டையிலும் அதுதான் இருந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். நான் விளக்கம் சொல்ல எழுந்தபோது, "நடுவர் தீர்ப்பே இறுதியானது சார்" என்று முடித்துவிட்டார்.

தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. இந்த வயதில் தோற்பதற்கு என்ன புதிதாக இருக்கிறது? ஆனால் படியிறங்கும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, அப்போ நீங்க சொன்ன தேதி தப்பா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறியது. எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் தோள்மேல் இருந்து பார்த்த கூட்டம் மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கைமாறியது நிர்வாகம்தான். நிலம் சட்டப்படி பிரான்சினுடையதாகவே இருந்தது. அதைக் கொடுப்பதற்கான ஒப்பந்தம் 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள 1962 வரை காத்திருந்தோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, புதுவை சட்டப்படி இந்தியாவின் பகுதியானது.

நம் அரசே இரண்டையும் கொண்டாடுகிறது. நவம்பர் 1 விடுதலை நாள். ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம். மாஹேக்காரரைக் கேட்டால் 1954 ஜூலை 16 என்பார், ஏனாம்காரர் ஜூன் 13 என்பார். அவரவர் ஊர் பிரெஞ்சு ஆட்சியை விட்டு விலகிய நாள் அவரவருக்கு. ஆகவே அட்டையில் இருந்த விடை தவறில்லை. பேத்தி எழுதியதும் தவறில்லை. கேள்விதான் அரைகுறை.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சா?" என்று என் மனைவி கேட்டாள். எங்கள் குடும்பத்தில் அந்தத் தேதி சின்ன விஷயமாக இருந்ததில்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அன்று புதுவையில் பிறந்து புதுவையில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதக் கணக்கு 1954 நவம்பரிலிருந்து ஓடவில்லை, 1962 ஆகஸ்ட் 16இலிருந்து ஓடியது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீட்டுத் திண்ணையில் இரவு இரவாகப் பேச்சு நடந்தது. சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா கடைசி வாரம் வரை பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, "இந்தத் தெருவிலேயே இருந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் அப்பனோடு போக வேண்டியவர்கள். சித்தப்பா மகன்கள் பாரிஸுக்குப் போனார்கள். பிரெஞ்சில் பாடம் படித்த நான், புதுவை அரசில் எழுத்தராகி ஆங்கிலத்தில் நோட் போடக் கற்றுக்கொண்டேன். குறையொன்றும் இல்லை. ஆனால் 1962 ஆகஸ்ட் 16 என்ற விடை தவறு என்று யாராவது சொன்னால், அப்பா அந்தப் பேனாவை மூடிய சத்தம் எனக்குக் கேட்கிறது.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருந்த பிரிவில் இருந்தேன். பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்பதால் அங்கே போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் அக்த் தெ நெசான்ஸ், அதாவது பிறப்புப் பதிவின் நகல், கேட்டு வருவார்கள். யார் எந்தத் தேதிக்கு முன் பிறந்தார், அன்று அவர் அப்பா எந்த ஊரில் குடியிருந்தார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் பிள்ளைகளின் குடியுரிமைக் காகிதம் நகரும். அங்கே "தேதி என்ன?" என்று யாரும் மொட்டையாகக் கேட்க மாட்டார்கள். எதற்கான தேதி என்று முதலில் சொல்ல வேண்டும்.

இதை வைத்து எனக்கு வினாடி வினா பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிடிக்காதது நெட்டுருதான். அதுவும் பட்டுத் தெளிந்தது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் பிரம்போடு உள்ளே வந்ததும் "1515?" என்பார். வகுப்பே ஒரே குரலில் "மரிஞ்ஞான்!" என்று கத்தும். மரிஞ்ஞான் என்பது ஊரா, ஆளா, மிட்டாயா என்று எங்களுக்குத் தெரியாது. இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா வென்ற போர்க்களம் அது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அப்படிக் கத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எங்கள் சொந்த ஊரின் தேதிகள் சன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தன. அவற்றை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

நானும் குற்றமற்றவன் இல்லை. லீக்கின் மூன்றாவது ஆட்டத்துக்குக் கேள்வி தயாரித்தது நான். "புதுச்சேரியை நிறுவியவர் யார்?" என்று கேட்டு, பிரான்சுவா மர்த்தேன் என்று விடை எழுதிவைத்திருந்தேன். பெரும்பாலோர் அதைத்தான் சொன்னார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அரிக்கமேடு அதுக்கு முன்னாடியே இருந்துச்சே தாத்தா, அதை யார் நிறுவினது?" என்றான். நான் "உட்கார்" என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவன் கேட்டது சரி. மர்த்தேன் 1674இல் பொறுப்பேற்று வளர்த்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை. அவருக்கும் ஓராண்டு முன்பே, 1673இல், பெலாஞ்சே என்பவர் வந்து இறங்கியிருந்தார். அரிக்கமேட்டிலோ 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியர் காலத்துப் பானை ஓடுகள் கிடைத்தன. அடுத்த ஆட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனுக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். அவன் அணி அப்போதும் கடைசி இடத்தில்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் எனக்கு வணக்கம் சொல்கிறான்.

கேள்வி தயாரிப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது உலக வழக்கம். இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. பிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் 1974இல் துணுக்குத் தகவல்களை எல்லாம் திரட்டிக் கலைக்களஞ்சியம் போல ஒரு புத்தகம் போட்டார். யாராவது காப்பியடித்தால் கண்டுபிடிப்பதற்காக வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைத்தார். கசங்கிய மழைக்கோட்டோடு தொலைக்காட்சியில் துப்பறிவாரே கொலம்போ, அவருடைய முதற்பெயர் பிலிப் என்று எழுதினார். பிறகு 'டிரிவியல் பர்சூட்' என்ற விளையாட்டு உலகெங்கும் விற்றது. அதன் அட்டை ஒன்றில் அதே பிலிப்! வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவல்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டம் சரிதான். ஆனால் எத்தனை வீடுகளில் பிலிப் என்று சொன்னவனுக்குப் புள்ளி கிடைத்திருக்கும், சொல்லாதவன் தலைகுனிந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் 'பொது அறிவு 100' பட்டியல்களில் எத்தனை பிலிப்புகள் இருக்கின்றனவோ!

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 1988இல் தொடங்கிய 'கேஸ்தியோன் பூர் அன் ஷாம்பியோன்' என்ற நிகழ்ச்சியை, கேபிள் வந்த பிறகு இங்கே பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதன் இறுதிச் சுற்றில் கேள்வி ஒரே மூச்சில் வராது. முதலில் கடினமான குறிப்பு, பிறகு கொஞ்சம் சுலபமானது, பிறகு இன்னும் சுலபமானது. சீக்கிரம் சொன்னால் நான்கு புள்ளி, தாமதமாகச் சொன்னால் குறையும். கேள்வி முடிவதற்குள் விடை ஒன்றுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. தெரியாதவனும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வான். அப்படியொரு கேள்வியில் தோற்றால் கோபம் வராது, "அட, எனக்குத் தெரிந்ததாச்சே" என்றுதான் தோன்றும்.

ஆகவே எங்கள் லீக்கில் மூன்று விதிகள் வேண்டும் என்று எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறேன். பழைய பழக்கம், விடமாட்டேன்.

ஒன்று, எதைக் கேட்கிறோம் என்பது கேள்வியிலேயே இருக்க வேண்டும். "நிர்வாகம் கைமாறிய நாள்" என்றோ "சட்டப்படி இணைந்த நாள்" என்றோ இரண்டு சொல் கூடுதலாகப் போட்டால் யாருடைய சொத்தும் குறைந்துவிடாது.

இரண்டு, விடையை இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து எழுதிய இன்னொன்று இரண்டாவது இடம் ஆகாது.

மூன்று, அணிக்கு ஒரு முறையீடு உண்டு. அரசு ஊழியன் ஒருவனைச் சஸ்பெண்ட் செய்தால்கூட மேல்முறையீடு செய்ய அவனுக்கு வழி இருக்கிறது. மொட்டை மாடியில் கேட்கும் கேள்விக்கு மட்டும் 'தீர்ப்பே இறுதி' என்றால் எப்படி? அன்றே முடிவு சொல்ல வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்த்துச் சொல்லட்டும். தவறென்றால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடட்டும்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. நேற்று அவரே வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, "சார், அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே கேள்வி போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது கேள்வி எழுதிப் பேத்தியிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். "இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எத்தனை ஊர்கள் இருந்தன?" என்ற ஏழாவது கேள்வியைச் சுழித்துவிட்டு, "எந்த வருஷத்துல தாத்தா? சந்திரநாகூர் 1950லயே போயிடுச்சே" என்றாள்.

நான் அதைத் திருத்திக்கொண்டேன். அவள் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான்: நான் சொன்ன தேதி தப்பில்லை, கண்ணு. ஆனால் இனிமேல் தேதி சொல்லும்போது எதற்கான தேதி என்பதையும் சேர்த்தே சொல்.