கொடி பிடித்த பிரபு

இத்தாலி தேசத்து டூரின் நகரிலுள்ள புனிதப் போர்வையைப் பற்றி நமது வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏசுநாதரின் திருமேனியைச் சுற்றிய துணி என்று பக்தர்கள் போற்றும் அப்போர்வைக்குச் சொந்தக்காரராகச் சரித்திரத்தில் முதன்முதல் தென்படுகிறவர், பதினான்காம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ஜெப்ருவா தெ ஷார்னி என்ற சிறு பிரபு. துணியின் புகழில் மனிதர் மறைந்துபோனார். நமக்கோ மனிதர்தாம் அதிக சுவாரஸ்யமாகத் தோன்றுகிறார்.

1347-ல் ஆங்கில அரசன் மூன்றாம் எட்வர்ட், ஏறக்குறைய ஒரு வருஷ முற்றுகைக்குப் பிறகு கலே துறைமுகத்தைக் கைப்பற்றினான். ஊர் மக்களை வெளியேற்றிவிட்டுத் தன் பிரஜைகளைக் குடியேற்றினான். ஷார்னிக்கு இது பொறுக்கவில்லை. கோட்டையில் பொறுப்பு வகித்த அய்மெரி என்ற லொம்பார்டியனுக்கு 20,000 பொற்காசு பேசி, 1349-ம் வருஷத்தின் கடைசி இரவில் வாயிலைத் திறந்துவிட ஏற்பாடு செய்தார். அய்மெரியோ விஷயத்தை எட்வர்டிடம் சொல்லிவிட்டான். அரசனே இரகசியமாகக் கடல் கடந்து வந்து காத்திருந்தான்! ஷார்னி தலையில் காயம்பட்டுச் சிறைப்பட்டார். தான் பெரும் விலை கொடுத்து வாங்கிய ஊரை மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்த்தாரே என்று எட்வர்ட் அவரை இடித்துரைத்ததாகப் ப்ருவாஸார் எழுதி வைத்திருக்கிறார்.

மீட்புப் பணம் கட்டி விடுதலையான ஷார்னி, 1352-ல் அய்மெரியை அவனுடைய வாசஸ்தலத்திலேயே பிடித்து, ஸாந்தொமேர் நகரில் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கினார். அவனிருந்த கோட்டையை மாத்திரம் தொடவில்லை. போர்நிறுத்த உடன்படிக்கை அமுலில் இருந்ததாம்! லஞ்சம் பேசிய இரவிலும் உடன்படிக்கை இருந்ததே என்று நாம் கேட்கிறோம். அந்நியர் வசமான ஊரை மீட்கத் துடித்த நெஞ்சை நாம் குறை கூறவில்லை; பணப்பையைத் திறந்ததுதான் உறுத்துகிறது.

இத்தனைக்கும், வீரதர்மத்தைப் பற்றி நூல் எழுதியவர் இவரே. பிடிபட்ட குதிரை யாருக்கு, சிறைப்பட்டவன் எதற்குக் கட்டுப்பட்டவன் என்பன போன்ற நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களையும் தொகுத்திருக்கிறார். வினாக்கள் கிடைத்திருக்கின்றன, விடைகள் ஏடுகளில் இல்லை.

ஆயினும் ஒரு வினாவுக்கு அவர் உயிரையே விடையாகக் கொடுத்தார். 1356 செப்டம்பர் 19-ல் புவாத்தியே போர்க்களத்தில், ராஜகுமாரர்களும் பெரும் பிரபுக்கள் பலரும் களத்தை விட்டு அகன்றபோது, ஓரிப்ளாம் என்னும் அரசாங்கச் செங்கொடியை ஏந்தியவராய் மன்னன் ஜானுக்கு அருகில் நின்றே மடிந்தார். மன்னன் சிறைப்பட்டான். 1370-ல் ஷார்னியின் உடல் அரசாங்கச் செலவில் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கலே பிரான்ஸுக்குத் திரும்பியதோ 1558-ல்தான்.

இனிப் போர்வை. ஷார்னி லிரே கிராமத்தில் ஸ்தாபித்த கோயிலில் அது வைக்கப்பட்டிருந்தது. அது ஓவியன் கைவேலை என்று 1389-ல் த்ருவா நகரத்துப் பிஷப் போப்பாண்டவருக்கு எழுதினார். 1453-ல் ஷார்னியின் பேத்தி மார்க்கரீத் அதை ஸவாய் வம்சத்தாருக்குக் கொடுத்தாள். 1988-ல் நடந்த கரியணு பரிசோதனை, துணியின் காலத்தை 1260-க்கும் 1390-க்கும் இடையில் வைத்தது. பக்தர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை. ஷார்னி எழுதிய நூல்களில் அத்துணியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.