குற்றவாளி காபுரேற்றர் அல்ல

புதுக்கடை நீதிமன்றங்களில் நெடுங்காலம் செய்தி சேகரித்தவன் நான். மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பு எழுதலாகாது என்பதை அங்கே நாள்தோறும் செவிமடுத்திருக்கிறேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தையில், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில், காபுரேற்றருக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை.

என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் உண்டு. கொழும்பில் குறையின்றி ஓடும். சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் வழியாக நுவரெலியா சென்றபோது, தலவாக்கலையைத் தாண்டியதும் கறுப்புப் புகை, பெற்றோல் வாடை, இழுவையின்மை. கொழும்பு திரும்பியதும் ஒரு மெக்கானிக் மூடியைத் திறவாமலே, 'காபுரேற்றர் முடிந்தது, மாற்றுங்கள்' என்றார். மாற்றினேன். அடுத்த பயணத்தில் அதே இடத்தில் அதே புகை!

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இயந்திரம் முன்போல அதே கொள்ளளவு காற்றை இழுத்தாலும் அதிலுள்ள ஒட்சிசன் குறைந்துவிடுகிறது. பெற்றோலோ அதே விகிதத்தில் குறைவதில்லை. எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினான்கே முக்கால் பங்கு காற்று வேண்டும் என்ற கணக்குக் குலைந்து, எரியாத எரிபொருள் கரியாகப் பிளக்கில் படிகிறது.

ஆகவே முதற்கேள்வி, புகை எங்கே தொடங்குகிறது என்பதே. கொழும்பிலும் புகைத்தால் சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா, எயார் பில்டர் அடைத்திருக்கிறதா, மிதவை ஊசி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மலையில் மட்டுமே புகைத்தால் காற்றைத்தான் விசாரிக்க வேண்டும். மொறிஸில் உள்ள எஸ்.யூ. காபுரேற்றருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இயந்திரம் சூடானபின் உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிவு. இயந்திரம் நின்றுபோனால் மெலிவு. சற்றே கூடித் தணிந்தால் சரி. திருத்தமும் அடியிலுள்ள அறுமுக நட்டை மேல்நோக்கித் திருகுவதுதான். காசு செலவில்லை. (அதனால்தானோ என்னவோ எவரும் சொல்வதில்லை.)

இதைச் சிறு விடயம் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய வண்டிகளே பலருக்குக் கதி. 2022இல் கியூஆர் அட்டைக்கு ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது, புகையாய்ப் போன ஒவ்வொரு துளியும் வலித்தது. இந்த அறிவு உள்ளவர்களோ வயோதிபர்கள். அவர்களிடம் கற்க வரும் இளைஞர்கள் அரிது. தமிழில் எழுதி வைத்தாரும் அரிது.

எனக்கு வழிகாட்டியவர் நானுஓயாவில் ஒரு முதியவர். நட்டின் இரண்டு முகங்களைத் திருகினார், புகை நின்றது. தேநீருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, "ஐயா, கொழும்புக்கு எறங்குனதும் மறக்காம பழைய இடத்துக்கே திருப்பிடுங்க. இல்லாட்டி சூடேறி வால்வு கருகிடும்" என்றார்.

அவிசாவளையில் வண்டியை நிறுத்தித் திருப்பினேன்.